சூடான துண்டு

லண்டன் வீட்டுக் குளியலறையில் துண்டைச் சூடாக்க ஒரு கரண்ட் கம்பி இருக்கிறது. 100 வாட். அணைக்கவே மாட்டேன். ஜனவரியில் குளித்து முடித்து அந்தத் துண்டைப் போர்த்துற சுகம் இருக்கே!

ஒருநாள் கணக்குப் போட்டேன். நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144. 2016-இல் தமிழ்நாட்டு அரசு வீடுகளுக்கு இலவசமாக்கியது இரண்டு மாதத்துக்கு 100. அதைத் தாண்டிடக்கூடாதுன்னு அம்மா சாயங்காலம் ஃபேனை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருவாள்.

நான் அணைத்தால் அங்கே ஃபேன் சுற்றாது, தெரியும். பில்லும் நான்தான் கட்டுறேன். அப்புறம் எது உறுத்துது? அம்மா ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணுகிறாள். எனக்கோ அது ஓடுறதே மறந்துபோச்சு. சுகத்தைவிட அந்த மறதிதான் தப்போ?

குளிக்கும் முன் ஒரு மணி நேரம் மட்டும் ஓட டைமர் வைத்தேன். (ஈரத் துண்டு கொஞ்சம் நாறுது.) அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

“அணைக்காதடா, சளி பிடிச்சுக்கும்” என்றாள்.