ஊசி பிடிக்கும் கைக்குத் தத்துவம் எதற்கு?

“இரத்தம் எடுக்கப் பழகப் போகும் பெண்ணுக்குத் தத்துவ சாஸ்திரம் எதற்குத் தம்பி?” என்று என் தமக்கையார் கேட்டார். கேட்டதில் பிழையில்லை. அவருடைய மகள் கல்லூரிப் பாடத் திட்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளிலே பிளெபாட்டமி எனப்படும் இரத்தம் எடுக்கும் பயிற்சியும், தத்துவ சாஸ்திர முதற்பாடமும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்படுவதைக் கண்டு, “இரண்டையும் சேர்த்தே படித்தால் என்ன, மாமா?” என்றாள். நான் படி என்றேன், தமக்கையார் சிரித்தார். ஊசி பிடித்தால் சம்பளம் உண்டு. சாக்ரட்டீஸைப் பிடித்தால் என்ன உண்டு? தோட்டத்திலும் பட்டணத்திலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் பலரும் கேட்கக்கூடிய கேள்வியாதலின், இங்கே சிறிது ஆராய்வோம்.

இரத்தம் எடுத்தல் எளிய வேலையென்று எண்ணுவோர் பலர். கலிபோர்னியா மாகாணத்தில் இவ்வேலைக்குச் சான்றிதழ் பெற விரும்புவோர், வகுப்புப் பாடத்தோடு, குறைந்தது 50 முறை நாளத்திலும் 10 முறை தோலிலும் குத்தி இரத்தம் எடுத்துக் காட்டவேண்டும். மேற்கையில் கட்டிய இரப்பர் நாடா ஒரு நிமிஷத்திற்கு மேல் இறுகியிருத்தலாகாது. ஸ்பிரிட்டுத் தடவிய இடம் உலரும்வரை பொறுத்தல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் முன்னே செய்யவேண்டுவது ஒன்றுண்டு: நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டல். “நீங்கள்தானே இன்னார்?” என்று கேட்டலாகாது. ஏனெனின், காது கேளாத கிழவரும், காய்ச்சலில் மயங்கியவரும், வெள்ளைச் சட்டையைக் கண்டு அஞ்சியவரும் எதற்கும் தலையசைத்து விடுவர். குப்பியில் பெயர் மாறி ஒட்டப்பட்டால், ஒருவருக்குப் பொருந்தாத வகை இரத்தம் அவர் உடம்பில் ஏற்றப்பட்டு உயிரே போகலாம். 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வகுத்துக் காட்டிய இரத்த வகைகளில் எதற்கும் சாதிப்பெயர் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

நிற்க. இத்தொழிலின் பழங்கதை சுவையானது. ஐரோப்பாவிலே வைத்தியன் நூலைப் படித்து ஆணையிடுவான். நாளத்தைக் கீறி இரத்தம் வடிப்பவன் பெரும்பாலும் நாவிதன். இலண்டனில் நாவிதரும் அறுவை வைத்தியரும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தினராக இருந்தனர். நம் தமிழகத்திலும் நாவிதர் குலத்தாரே மருத்துவர் என்றும், அவர்தம் பெண்டிர் மருத்துவச்சி என்றும் பெயர் பெற்றனர். நம் பிள்ளைகளை இவ்வுலகிற்கு ஏந்தி எடுத்த அக்கைகளையே வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாம். தொடுகிறவன் தாழ்ந்தவன், எண்ணுகிறவன் உயர்ந்தவன் என்று மேற்கும் கிழக்கும் ஒருங்கே பிரித்து வைத்தன. அப்பிரிவினையால் கெட்டது தொட்டவன் மானம் மட்டுமா? எண்ணியவன் அறிவும் கெட்டது.

சான்று காண்க. 1799 டிசம்பர் 14-ஆம் நாள், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயால் மூச்சுத் திணறிக் கிடந்தார். வைத்தியர் வருமுன்னே முதலில் அவர் இரத்தத்தை எடுத்தவர் யார்? அவருடைய தோட்டத்துக் கண்காணிப்பாளர்! அங்கிருந்த அடிமைகளுக்கு இரத்தம் எடுத்துப் பழகியவர் அவர். எசமானின் கையைக் கண்டு அவர் தயங்க, அஞ்சாதே என்று தேற்றியவர் வாஷிங்டனே. அதிகம் எடுக்க வேண்டாமென்று மனைவியார் மன்றாடியும் பயனில்லை. பின்னர் வந்த வைத்தியர்களும் மேலும் மேலும் எடுத்தார்கள். அன்றிரவே அவர் காலமானார். இரத்தம் போனதாலேயே இறந்தார் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அது நன்மை செய்யும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கேலன் என்னும் பழைய ஆசிரியர் காலந்தொட்டு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லாரும் செய்தார்கள், ஆகவே செய்தார்கள். 1835-இல் பாரிஸ் நகரத்துப் பியர் லூயி என்னும் வைத்தியர், நுரையீரல் அழற்சி கண்டவர்களைத் தலை எண்ணிக் கணக்கெடுத்து, இச்சிகிச்சையின் பலன் உலகம் நம்பிய அளவுக்கு இல்லையென்று காட்டினார். கணக்குப்பிள்ளை வேலைதான்! “எப்படித் தெரியும்?” என்னும் கேள்வியோ தத்துவ வகுப்பின் முதற்பாடம்.

ஆயினும் என் கட்சியை நானே மிகைப்படுத்தலாகாது. தத்துவம் கற்றவரெல்லாம் அன்புடையவர் ஆகிவிடுவதில்லை. நூற்பயிற்சியற்ற எங்கள் பழைய தோட்டத்து டிரஸ்ஸர், “அம்மா, சுருக்கென்று ஒரு வலிதான்” என்று சொல்லிவிட்டே குத்துவார். நடுங்குகிற கையையுடைய தத்துவ ஞானியைவிடத் தேர்ந்த கையையுடைய பாமரரிடமே என் கையை நீட்டுவேன். தமக்கையார் சொல்வதில் இவ்வளவும் மெய்.

ஆனால் வேறொன்றும் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் நோயுற்றுக் கிடந்த ஓரிடத்தில், ஒரு வாலிபர் வந்தார். கட்டிலின் எண்ணைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று முறை குத்தினார். கை கெட்டிக்காரக் கைதான். என் நாளந்தான் ஒளிந்துகொண்டது. வலியை மறந்துவிட்டேன். நான் ஒரு குப்பியை நிரப்பும் பண்டமாய்க் கிடந்தேன் என்பதை மட்டும் மறக்க இயலவில்லை. மனிதனை வெறும் கருவியாக நடத்தாதே என்று ஜெர்மானிய அறிஞர் காண்ட் 1785-இல் எழுதியதை ஆங்கிலத்தில் படித்திருந்தேன். அது என்ன என்று அந்தக் கட்டிலில்தான் விளங்கிற்று. மும்முறை குத்தப்படாமலே இது விளங்குமானால், அந்த வகுப்புக்குக் கட்டும் பணம் வீணன்று.

இவ்வளவையும் தமக்கையாரிடம் சற்றுப் பெருமையோடே எடுத்துரைத்தேன். அவர் பதில் சொல்லவில்லை. மருமகள்தான் கேட்டாள்: “மாமா, பெரட்டுக் களத்தில் நீங்கள் ஆட்களைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறீர்கள், எண் சொல்லியா?”

நான் தோட்டத்துக் கிராணி. நம் பாட்டன்மாரை இதே செக்ரோலில் எண்ணாக எழுதினார்கள் என்று மேடைகளில் கண்ணீர் விடுகிறோம். இன்று என் செக்ரோலில் இருப்பவர்களில் பலர் வங்காளதேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர். பெயர்கள் நீளமானவை, வாயில் நுழைவதில்லை, விடியற்காலையில் நேரமும் இல்லை. ஆதலால் எண்ணைச் சொல்வேன். அவர்களும் கை தூக்குவார்கள்.

அன்றிரவு புத்தகத்தைப் பாராமல் எத்தனை பெயர் சொல்ல வருகிறதென்று எண்ணிப் பார்த்தேன். பாதிகூடத் தேறவில்லை.