படத்தை எடுத்துடு

வன்னியம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது வேலை தேடுவது செல்போனில்தான். ராஜபாளையத்து மில்லுக்கு ஆள் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் வருகிறது. சென்னைக் கம்பெனி என்றால் லிங்க்டுஇன். மனுப் போட்டவனை ஃபேஸ்புக்கிலும் ஒருதரம் தேடிப் பார்க்கிறார்கள். ஏப்ரல் 14 அன்று நீலக்கொடி பிடித்து நின்ற படம் அங்கே கிடக்கும். எங்கள் தெருவில் பி.இ. முடித்த ஒருவனிடம் அவன் கூட்டாளியே சொன்னான்: "அம்பேத்கர் படத்தை எடுத்துடுடா. வேலை கிடைச்சப்புறம் போட்டுக்க." குருபூஜைப் படம் போடுகிறவனுக்கு யாரும் இந்தப் புத்தி சொல்வதில்லை.

வீண் பயமென்று தள்ள முடியாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பத்திரிகைகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 மனுக்கள் அனுப்பினார்கள். தகுதி சமமாக இருந்தும், உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஒன்று என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

தமிழ்நாட்டில் பெயரை வைத்து அவ்வளவு கண்டுபிடிக்க முடியாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பெயர் சொல்லாததை இப்போது படம் சொல்லிவிடுகிறது, சிநேகிதர் வரிசை சொல்லிவிடுகிறது. அதிலும் பிடிபடாவிட்டால் போனில், "வன்னியம்பட்டியில எந்தப் பக்கம் வீடு?"

சரி, படத்தை எடுப்பது பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்க உரிமையுள்ளவன் நேராகக் கேட்டு, நான் மாற்றிச் சொன்னால் பொய். என்ன சாதி என்று மனுவில் அச்சடித்துக் கேட்டால் ஊர் சிரிக்கும் என்று அவனுக்கே தெரியும். அதனால் எட்டிப் பார்க்கிறான். எட்டிப் பார்க்கிறவன் முகத்துக்கு நேரே ஜன்னலைச் சாத்தினால் அது ஏமாற்றா? படிப்பையும் அனுபவத்தையும் பற்றி உண்மை சொல்லக் கடன்பட்டிருக்கிறோம். அதற்கு மேல் அவனுக்கு நம்மிடம் பாக்கி இல்லை.

ஆனால் இதையே ஒரு சாமர்த்தியமென்று பாடம் நடத்துகிறார்களே, அதுதான் ஒப்பவில்லை. "புரொஃபைலைச் சுத்தமா வச்சுக்கங்க." சுத்தமாம்! இந்த ஒரு வார்த்தையால் நாம் பட்ட பாடு கொஞ்சமா? நம்ம தெருவில் எடுத்த படம் அழுக்காகிப் போச்சு.

எடுத்தவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'எடுக்காதே' என்று எழுதுவதில் எனக்கென்ன நஷ்டம்? சம்பளம் போவது அவனுக்கு. நாணயம் பேச வேண்டுமானால் அந்தப் பக்கத்தில் பேசுவோம். எதைப் பார்த்தான், எதற்காகத் தள்ளினான் என்று சொல்ல வேண்டியவன் அவன். தனியாரில் இடஒதுக்கீடு இல்லை. கணக்குக் கேட்க வழியுமில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுகிறது. படித்துவிட்டான். பதில் மட்டும் வருவதில்லை.