கபாலத் துளையும் ஆன்ம விசாரமும்

ஆரணியில் ஆயுள் முழுவதும் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்த முதியவர் ஒருவர், நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டதைப் பொருட்படுத்தாமல் விட்டு, சில வாரங்கள் கழிந்தபின் மிதிபலகையில் கால் தடுமாறி, அறுந்த இழையை முடியிடத் தெரியாமல் விழித்து, முடிவில் பெற்ற மகளையே யாரென்று கேட்பாரானால், வீட்டார் பெரும்பாலும் ‘வயசாயிடுச்சு’ என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு விடுகிறார்கள். இது எனக்குப் பெரும் துயரம் தருவது. மூப்பினால் மூளை சுருங்கும்போது, அதிலிருந்து வெளியுறைக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்பதால், சிற்றடியிலும் ஒன்று கிழிந்து, உறைக்கடியில் இரத்தம் மெல்லத் தேங்கி, நாளடைவில் கரிய எண்ணெய்போல் நீர்த்து, மூளையை அழுத்தத் தொடங்குகிறது. கபாலத்தில் ஓரிரு துளையிட்டு அதைக் கழுவி வெளியேற்றி, எஞ்சியது வடிவதற்கு ஒரு குழாயை இரண்டு நாள் வைத்திருப்பதே சிகிச்சை. 2009-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், குழாய் வைக்கப்படாதவர்களில் 24 சதவீதத்தினருக்கு மறுபடியும் இரத்தம் தேங்கிற்று. வைக்கப்பட்டவர்களில் அது 9 சதவீதமே. ஆரணிக்குச் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியதுமுதல், இவ்வித்தை நம் வட்டாரத்துக்கு எட்டாததும் அன்று.

இரத்தம் வடிந்த சில நாட்களில் கிழவர் மகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்றால், ஆன்மா என்று நாம் சொல்லிவந்தது மூளையின் தொழில்தானா என்று, உடலுக்கு வேறாக ஆன்மா இல்லை என்னும் உலகாயதர் கேட்பது நியாயமான கேள்வியே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார், ஆன்மா மனம், புத்தி முதலிய அந்தக்கரணங்களின் வேறானது என்று நிறுவியபோதே, அக்கரணங்களின் துணையின்றி அது ஒன்றையும் அறியமாட்டாது என்பதையும் ஒப்புக்கொண்டார். அவர் வழி நின்று பார்த்தால், மருத்துவர் அறிவு எதையும் உள்ளே வைக்கவில்லை. அறிவைத் தடுத்ததை அகற்றினார், அவ்வளவே. இதனால் ஆன்மா நிரூபணமாகிவிட்டதென்று நான் வாதாட மாட்டேன். உலகாயதரும் இதே நிகழ்ச்சியைத் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டக்கூடும்.

ஆயினும், மூளைக்குள்ளேயே பெருகிய இரத்தத்தால் அதன் அறைகள் நிறைந்து, அங்கும் குழாய் வைத்து வடித்தபின்பும் கண் திறவாதவர்கள் உண்டே, அவர்கள் விஷயத்தில் இவ்விரு கொள்கைகளும் பிரிந்துபோகின்றன. கருவி கெட்டதனால் கருவியை உடையவர் இல்லையென்று ஆகாது என்பது மெய்கண்டார் வழி நிற்கும் சைவ சித்தாந்தியின் நிலை, ஆகவே, தாம் பேசுவது தந்தையின் செவியில் ஏறுமோ என்ற நிச்சயம் இல்லாதபோதும், மகள் அவரை ‘அப்பா’ என்றே அழைப்பதை வீண்செயலென்று சொல்ல அச்சித்தாந்திக்கு நா எழாது, எனக்கும் எழவில்லை.