பிடியரிசியும் பரக்கத்தும்

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி என் இல்லத்தாள் மூலமாக ஒரு மஸ்அலா கேட்டனுப்பினார். “நான் செய்தது திருட்டா என்று அஜரத்திடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்பதுதான் கேள்வி. கேட்டதும் எனக்குத் திடுக்கென்றது. விவரம் தெரிந்த பிறகு, இது அந்த ஒரு வீட்டுக் கேள்வியல்ல, நம் எல்லோர் வீட்டுக் கேள்வியும்தான் என்று விளங்கியது.

அது 2018ஆம் ஆண்டின் இறுதி. அவ்வாண்டு அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்களையும் சரவெடியையும் தடுத்துத் தீர்ப்பளித்தது. தீபாவளி முடிந்து சில வாரங்களில் திறக்க வேண்டிய சிவகாசிப் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாழும் வீடுகளின் நிலையை நான் சொல்ல வேண்டுமா? இந்தச் சகோதரியின் கணவரும் ஆலைத் தொழிலாளி. சகோதரி வீட்டிலிருந்தபடியே வெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக் கூலி பெறுபவர்.

ஆலை ஓடிய காலத்தில் அவர் இரண்டு காரியங்கள் செய்து வந்தார். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கட்டிலுக்கடியில் இருந்த பானையில் போட்டார். வண்டு விழாமலிருக்க வேப்பிலையும் வற்றல் மிளகாயும் போட்டு மூடி வைத்தார். குழாய்க் கூலியில் பத்து ரூபாயை ஒரு டப்பாவில் போட்டார். இரண்டும் கணவருக்குத் தெரியாது. தெரிந்தால் தங்காது என்ற பயம்! முன்பொரு முறை சேர்த்த பணம், நாத்தனார் கல்யாணத்தில் மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் போய்விட்டதாம்.

ஆலை மூடியதும் என்ன நடந்தது? கணவர், வீட்டில் ஒன்றுமில்லை என்றெண்ணி, வெளியே ஒருவரிடம் வட்டிக்குக் கடன் வாங்கி வந்துவிட்டார். அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் பானை வெளியே வந்தது. “இது இருக்கிறதென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஹராமில் கை வைத்திருப்பேனா? என் அரிசியை எனக்கே மறைத்தாயே” என்று அவர் கோபத்தில் கத்தியிருக்கிறார். அந்தச் சொல்தான் சகோதரியைக் கேள்வி கேட்க வைத்தது.

அன்பர்களே! முதலில் சேமிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அல்லாஹ்வின் மீது தவக்குல் உள்ளவன் நாளைக்கென்று எடுத்து வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையில் (12:47, 48) பாருங்கள். ஏழு செழித்த ஆண்டுகளில் அறுத்த தானியத்தை, உண்ணும் அளவு போக மிச்சத்தைக் கதிரோடு விட்டு வைக்கச் சொன்னார்கள். கதிரோடு விட்டால் புழு பூச்சி அண்டாது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கம் எழுதுகிறார்கள். அதாவது, சேர்க்கும்படி சொன்ன நபி, கெடாமல் காக்கும் வழியையும் சேர்த்தே சொன்னார்கள். வேப்பிலை போட்ட நம் சகோதரிக்கு இதில் ஒரு பங்கு இல்லையா? நாயகம் (ஸல்) அவர்களும் பனூ நளீர் பேரீச்சந் தோப்பின் வருமானத்திலிருந்து தங்கள் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை எடுத்து வைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. அப்படி எடுத்து வைத்ததும் கேட்டு வந்தவர்களுக்குப் போய்விடும் என்பது வேறு விஷயம். அவர்கள் வஃபாத்தான நாளில் அவர்களது கவசம் வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது.

நம் ஊருக்குப் பிடியரிசி புதிதல்ல. பெரிதாக எதுவும் விளையாத இந்த விருதுநகர் ஊரூருக்கும் விலை சொல்லும் சந்தையானது எப்படி? இங்குள்ள நாடார் உறவின்முறையினர் சரக்கின் மீது மகமை என்று சிறு தொகை பிரித்துப் பொதுக் காரியம் நடத்தினார்கள். வீடு வீடாகப் பெண்கள் எடுத்து வைத்த பிடியரிசியைக் கொண்டு க்ஷத்திரிய வித்தியாசாலைப் பள்ளியை நடத்தினார்கள். காமராசர் சிறுவனாகப் படித்தது அங்கேதான். நான் ஓதிய மதரஸாவுக்கும் வெள்ளிக்கிழமை தோறும் மஹல்லாப் பெண்கள் பிடியரிசிப் பையைக் கொடுத்தனுப்புவார்கள். அந்தச் சோற்றில் வளர்ந்த உடம்பு இது. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது!

“2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லாமல் தரும் அரிசியில் என்ன பெரிய சேமிப்பு?” என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. பிடி ஒன்றுக்கு 50 கிராம் என்று வையுங்கள். நாளைக்கு இரண்டு வேளை என்றால் 100 கிராம். மாதம் 3 கிலோ, ஆண்டுக்கு 36 கிலோ. அந்த ஒரு பிடியினால் அன்று யாரும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை.

தண்ணீர் விஷயத்திலும் இதே கைக்கணக்குத்தான். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில் ஒளூச் செய்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. சில நாட்களுக்கு ஒருமுறை குழாயில் நீர் வந்து பழகிய இந்த ஊரிலும், பள்ளிவாசல் ஹவுளருகே குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசுகிறோம். இது இருக்கட்டும்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். குழாய் உருட்டிய கூலி முழுக்க அந்தச் சகோதரியின் சொத்து. ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்கும் பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்கும் பங்குண்டு என்ற கருத்தில் திருமறை (4:32) பேசுகிறது. அதைக் கணவரிடம் சொல்லாமல் வைத்தாலும் திருட்டு ஆகாது. அரிசி கணவர் வாங்கியதுதான். ஆனால் அது வீட்டை விட்டு வெளியே போகவில்லை, அவர் வயிற்றுக்கே திரும்பி வந்தது. கணவனின் வீட்டுக்குப் பெண் பொறுப்பாளி என்பது நபிமொழி. ஆகவே அதுவும் திருட்டல்ல.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, கணவன் சட்டைப் பையில் கை விடலாம் என்று எந்தச் சகோதரியும் ஃபத்வா எடுத்துவிடக் கூடாது. அபூஸுஃப்யான் (ரலி) கைச்சுருக்கமானவர் என்று அவர்கள் மனைவி ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அந்த அனுமதி தேவைக்குத்தான், அதுவும் தராத கணவனிடம்தான். தருகிற கணவனின் பணத்தை எடுத்துப் பதுக்குவதற்கு அதில் ஆதாரமில்லை.

தப்பு எங்கே என்றால், சொல்லாமல் இருந்ததில். பானை இருந்தும் வீட்டுக்குள் வட்டி வந்துவிட்டதே! அதற்கும் முதல் காரணம் கணவர்தான் என்பேன். மனைவி சேர்த்ததை ஒரு நாள் கல்யாண ஆடம்பரத்தில் கரைத்த மனிதரிடம் எந்தப் பெண் நம்பிச் சொல்வாள்? வீண்விரயம் செய்பவர்களை ஷைத்தானோடு உறவு கூட்டிப் பேசும் திருவசனத்தை (17:27) நாம் எப்போதும் பெண்களுக்கே ஓதிக் காட்டுகிறோம். மண்டபம் பிடிப்பதும், ஊரழைத்துப் பிரியாணி போடுவதும், ஆலை ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கிப் பிறகு கூலியில் கழிபடுவதும் பெரும்பாலும் ஆண்களின் வேலை அல்லவா?

இதையெல்லாம் ஜும்ஆவுக்குப் பின் கணவரைத் தனியே அழைத்துச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டார். கடனை எப்படியாவது உடனே அடைக்கச் சொன்னேன். சகோதரி தம் டப்பாவைக் கொண்டு வந்து அவர் முன் வைத்துவிட்டார். மனைவி தன் பணத்தைக் கணவனுக்குக் கொடுப்பது கடமையல்ல. கொடுத்தால், உறவைப் பேணிய கூலியும் தர்மத்தின் கூலியும் ஆக இரண்டு கூலி உண்டு என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாதிக் கடன் அன்றே தீர்ந்தது. மீதிக்கு உறவினர் ஒருவர் வட்டியில்லாமல் கைமாற்றுத் தந்தார்.

அதன் பிறகு பலர் சீட்டைப் பற்றிக் கேட்டார்கள். பத்துப் பேர் சமமாகப் போட்டு, குலுக்கலில் வந்தவர் முழுத் தொகையையும் எடுத்து, எல்லோரும் போட்டதையே திரும்பப் பெறுகிற குலுக்கல் சீட்டு, ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக் கொள்வது போன்றது. அதில் குற்றமில்லை. அவசரக்காரர் தள்ளி எடுத்து, அந்தத் தள்ளுபடியை மற்றவர்கள் பங்கு போடும் ஏலச் சீட்டில் வட்டி நுழைந்துவிடுகிறது. மளிகைக் கடை நோட்டிலும் கவனம் வேண்டும். கடனுக்கு இன்ன விலை என்று வாங்கும்போதே பேசி முடித்தால் கூடும். தவணை தப்பியதென்று பிறகு ஏற்றினால் அது வட்டி.

பானை கட்டிலுக்கடியிலிருந்து அடுப்படிக்கு வந்துவிட்டதாக என் இல்லத்தாள் சொன்னார். சனிக்கிழமை கூலி வந்ததும் டப்பாவில் முதலில் போடுபவர் இப்போது கணவர்தானாம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளியும் பூட்டியிருந்தது. ஒரு நாள் மாலை அவர் என் வீட்டு வாசலில் தள்ளி நின்றுகொண்டு, பக்கத்து வீட்டில் மாற்று மதக் குடும்பம் ஒன்று இரண்டு நாளாகக் கஞ்சியோடு இருக்கிறது, பானையிலிருந்து அவர்களுக்குக் கொடுத்தால் சதகாவாகுமா என்று கேட்டார். ஆகும், தாராளமாகக் கொடுங்கள் என்றேன்.

“காலையிலேயே கொடுத்துவிட்டாள் அஜரத். கூடுமா என்று கேட்டு வரச் சொன்னாள்” என்றார்.