துடுப்புப் பிடித்தவர்கள்

கடல் சாகசக் கதை வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டால், சாண்டில்யனின் ‘கடல் புறா’விலிருந்தே தொடங்கச் சொல்வேன். மூன்று பாகங்களும் முடிவதற்குள் கருணாகரத் தொண்டைமான் மனத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவான். பதினாறு வயதுக்கு அப்படியொரு நாயகன் வேண்டும்தான். ஆனால் அவனோடு நின்றுவிட்டால், வெல்வதுதான் துணிச்சல் என்று நம்பிவிடுவோம்.

அடுத்து, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் படகில் கிளம்பும் பாண்டியன் புயலில் சிக்குகிறான். அங்கே வாள்வீச்சுக்கு வேலையில்லை. உயிரைப் பிடித்துவைத்திருப்பதே பெரும்பாடு. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) இன்னும் ஆழத்துக்கு இழுக்கிறது. படகிழந்து நடுக்கடலில் தத்தளிக்கும் மூன்று பரதவர்களுக்கு ஆபத்து என்பது அன்றாடப் பிழைப்பு. தன் உயிரா, பக்கத்தில் மிதப்பவன் உயிரா என்ற கேள்விதான் அங்கே சாகசம்.

நான்காவது புத்தகம் நாவல் அல்ல. நம் புதுச்சேரியிலேயே எழுதப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், கப்பல் வந்த சேதியும் வராத கவலையும் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்நாளில் புதுச்சேரிக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் சலங்குகளில் அலை தாண்டிக் கரைசேர்ந்தன. கயிற்றால் தைத்த படகு அது. கடற்கரைச் சாலையில் அன்றைய பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சுக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சலங்குகளில் துடுப்புப் பிடித்தவர்களின் பெயரை நாம் யாரும் சொல்வதில்லை.

அதனால்தான், எந்தக் கடல் கதையைப் படித்தாலும் நாயகனைப் பார்த்த கண்ணோடு துடுப்புக்காரரையும் தேடச் சொல்கிறேன். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இந்த ஊரிலிருந்து சைகோனுக்குக் கப்பலேறியவர்களை இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். அவர்கள் இல்லாத வருடங்களில் வீட்டை நடத்தியவர்களையும் அதே பெருமையோடு பேச வேண்டும். இருந்த வேலையை விட்டுத் தொழில் தொடங்கும்போதும், வெளிநாடு புறப்படும்போதும், நம் துணிச்சலின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பாரத்தில் தன் பங்கைத் தானே சுமப்பவரைத்தான் நான் துணிந்தவர் என்பேன்.