முகிலும் வெள்ளமும்: மை குறைந்ததென்னும் எச்சரிக்கை எவ்வகை அறிவு?

வீட்டு இன்க்ஜெட் அச்சுப்பொறி மை குறைந்துவிட்டது என்று அறிவிக்கும்போது, அது கண்டதைச் சொல்கிறதா, கருதியதைச் சொல்கிறதா என்னும் கேள்வி அளவையியலுக்கு, அதாவது அறிவு எவ்வழியில் பெறப்பட்டது என்று ஆராயும் துறைக்கு உரியது. சைவ சித்தாந்தம் அவ்வழிகளை நேரில் அறியும் காண்டல், அடையாளம் கொண்டு காணாததை அறியும் கருதல், நம்பத்தக்கார் சொல்லால் அறியும் உரை என்னும் மூன்றில் அடக்குகிறது.

பல அச்சுப்பொறிகள் மையைப் பார்ப்பதே இல்லை. ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் கிடைக்கும் பிகோலிட்டரில் சிலவே கொண்ட நுண்துளிகளை எண்ணி, அச்சுத்தலையைத் தூய்மை செய்யச் செலவான மையையும் கூட்டி, தொடக்க அளவிலிருந்து கழித்து, எஞ்சியது இவ்வளவு என்று கணிக்கின்றன. மணிமேகலையின் 27ஆவது காதையில் அளவைவாதி, கருமுகில் கண்டு மழை வரும் என்பதை முதல் என்றும், வெள்ளம் கண்டு முன்னரே மழை பெய்தது என்பதை எச்சம் என்றும் கருதலின் வகைகளுள் வைக்கிறான். துளியெண்ணிக்கை காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்வதால் முதல் ஆகும். சில கார்ட்ரிட்ஜ்களின் அடியிலுள்ள பட்டகத்தில் மை படிந்திருக்கும்வரை ஒளி அதனுள் சென்றுவிடுவதும், மை வடிந்தபின் உணரிக்குத் திரும்புவதும் எச்சத்தின்பாற்படும்.

எவ்வகைக் கருதலும் வியாப்தியை, அதாவது அடையாளத்துக்கும் பொருளுக்கும் உள்ள பிரியாத் தொடர்பைச் சார்ந்தே நிற்கிறது. தீர்ந்த கார்ட்ரிட்ஜில் ஊசிக்குழலால் மையை நிரப்பிப் பொருத்தினாலும், அதன் சிப்பில் பழைய எண்ணிக்கையே பதிந்திருந்தால் கலம் காலி என்றே அறிவிப்பு வருவது, அத்தொடர்பு முறிந்ததற்குத் தெளிவான சான்றாகும். தாளில் எழுத்துகளின் ஊடே ஓடும் வெள்ளைக் கோடும் ஐயமற்றதன்று. மை தீர்ந்தாலும் அது தோன்றும், துளை காய்ந்து அடைத்தாலும் தோன்றும். இவ்வாறு இரு பக்கமும் சாரும் ஏதுவைத் தருக்க நூலார் அநைகாந்திகம் என்பர்.

பொறி தான் கருதியதையே சொன்னாலும் பயனருக்கு அது உரையாகவே வந்து சேர்கிறது. உரைப்பவர் உண்மையை அறிந்தவராகவும், அறிந்ததை அவ்வாறே சொல்லும் விருப்பமுடையவராகவும் இருத்தல் வேண்டும் என்பது நியாய நூலார் வகுத்த இலக்கணம். மையை விற்பவரின் பொறியே மை தீர்கிறது என்றும் சொல்வதால் ஐயம் எழுவது இயல்பு. ஆயினும் வெப்பத்தால் துளியை உந்தும் அச்சுத்தலைகளைக் குளிர்விப்பதும் மையே ஆதலால், அது முற்றும் வற்றுமுன் எச்சரிப்பதற்குத் தக்க காரணமும் உண்டு. எனவே ஐயம் எழுந்ததனாலேயே உரையைத் தள்ளிவிடுவதும் அறிவாகாது.

முகிலைக் கண்டவர் நெல்லை அள்ளி வைப்பார். மழை பெய்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லமாட்டார். அதுபோல எச்சரிக்கை கண்டவர் புதிய கார்ட்ரிட்ஜை வாங்கி வைப்பதும், அச்சு மங்கும்வரை பழையதைக் கழற்றாதிருப்பதும் முறையாகும். உரைக்கும் பொறிக்கும் அதனைச் செய்தவருக்கும் ஒரு கடமை உண்டு: கணித்ததைக் கணித்ததென்றே சொல்லுதல். அறிந்த பொருளோடு அறிந்த வழியையும் சேர்த்துச் சொல்லும்போதே உரை அளவையாகும் தகுதியைப் பெறுகிறது.