வாயிலுக்கு அப்பால்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலே கொலம்பஸ் என்றோர் ஊர். அதனருகே பென்னிங் கோட்டை எனும் பெரும் பாசறை. 1948-ல் ட்ரூமன் ஆணையிட்டார். 1954-க்குள் படையிலே கருப்பருக்கெனத் தனி அணி இல்லை என்றாயிற்று. ஒரே கூடத்தில் உண்டனர், ஒரே கூரையின் கீழ் உறங்கினர். வாயிலைக் கடந்து ஊருக்குள் சென்றாலோ, கருப்பு வீரனுக்கு உணவு விடுதியிலே இடமில்லை! கடைக்காரரின் கல்லாவிலே அவன் டாலருக்கு மட்டும் நிறமில்லை.

"ஊர் வழக்கம், நமக்கென்ன?" என்றிருந்தனர் தளபதிகள். அதுவா நேர்மை? நோய் பரப்பும் விடுதிகளில் வீரர் நுழையலாகாது எனத் தடை விதிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது, விதித்தும் வந்தனர். உடலைக் கெடுக்கும் இடத்துக்குத் தடை. உள்ளத்தைப் புண்ணாக்கும் இடத்துக்கு விடை!

குடிமக்கள் வாழ்விலே படை தலையிடலாமா என்பர் சிலர். நல்ல கேள்விதான், துப்பாக்கி ஏந்தியோர் ஊருக்குச் சட்டம் வகுப்பதை எவர் விரும்புவர்? ஆனால், தன் வீரனை இழிவுபடுத்தும் கடைக்குத் தன் வீரர் எவரும் செல்லவேண்டாம் என்பது ஊரை ஆள்வதாகுமா?

1963-ல் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, அத்தகைய கடைகளையும் விலக்கலாம் என்றார். அதற்கும் படைத்துறைச் செயலாளரின் முன் இசைவு வேண்டுமாம்! நோய் விடுதியை விலக்க எவர் இசைவையும் தலைநகரிலே தேடியதில்லை. மறு ஆண்டு, மக்கள் தெருவிலிறங்கிப் போராடிப் பெற்ற குடியுரிமைச் சட்டமே விடுதியின் கதவைத் திறந்தது.